சாளேசுரத்துக்கு வழி

ரத்தினவேலின் வாய்க்குள் ‘கடக்’கென்று சத்தம் கேட்டது. குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டிருந்த அமராவதியின் கை அப்படியே நின்றது.

இந்த வாரத்தில் இது நாலாவது கல்.

அவர் நாக்கால் துழாவிக் கல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். மிளகைவிடக் கொஞ்சம் சிறியது. முறத்தில் கண்ணை வைத்த எவளும் பொறுக்கி எறிந்திருப்பாள்.

"ஏ புள்ள, பரிசத்துக்கு முன்னாடி என் பல்லைப் பூராவும் கழட்டிரலாம்னு பார்க்குறியா? பொக்கை வாயோட சபையில உக்காந்தா, என்னைப் பொண்ணுக்குத் தாத்தான்னு நெனச்சுக்குவான் மாப்ளை."

"மில்லுல கலந்து விடுறான். நான் என்ன செய்ய?" என்றாள்.

இன்றைக்குப் பழி மில்லின் மேல் போயிற்று. போன வாரம் வெளிச்சத்தின் மேல். அதற்கு முன்னால் புதுக் காசின் மேல். நயா பைசா வந்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. சந்தையில் எல்லோருமே காசைத் திருப்பித் திருப்பித்தான் பார்த்தார்கள். மற்றவர்கள் மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்கள். அமராவதி மட்டும் கோழி விரட்டுகிறவள் மாதிரி கையை எட்ட நீட்டிப் பார்த்தாள். நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

வயது நாற்பத்து மூன்று. தூரத்தில் ஒரு குறையும் இல்லை. ஊர்க் கோடிப் பனையில் உட்கார்ந்திருப்பது பருந்தா, வல்லூறா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். மடியில் கிடக்கும் முறத்தில்தான் கல் எது, அரிசி எது என்று தெரியவில்லை. ஊசிக் காது தை மாதமே தொலைந்துபோய்விட்டது.

"ஆத்தா, கொண்டா, நான் பொறுக்குறேன்" என்று மகள் செவந்தி முறத்துக்குக் கை நீட்டுவாள்.

"போன பொறகு ஒன் மாமியாருக்குப் பொறுக்கு. இப்ப என்ன அவசரம்?" என்று சிடுசிடுப்பாள் அமராவதி. அப்புறம் தனியே போய் முகத்தைக் கழுவிக்கொள்வாள்.

இது இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா பெரியகருப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்பத்தைந்து வயதில், "என்னடா எல்லாம் ஒரே புகையா இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். இரண்டே வருஷத்தில் முழுக்க இருட்டு. வீட்டு நிலையிலிருந்து கிணற்றடி வரைக்கும், கிணற்றடியிலிருந்து மாட்டுக் கொட்டில் வரைக்கும் கயிறு கட்டினார்கள். பதினோரு வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அவர் கை பட்டுப் பட்டுக் கயிறு எண்ணெய் தேய்த்தது போல மின்னும். ஓர் ஐப்பசி மழையில் ஊறி நைந்திருந்த கயிறு, கிணற்றடியில் வைத்து அறுந்தது. அத்தோடு சரி.

ஊருக்குச் சொன்னது வேறு. அமராவதிக்கு மாப்பிள்ளை தேடிய காலத்திலேயே, ‘அம்மை வார்த்துக் கண் போயிற்று’ என்று அவள் தாய் ஒரு கதையைக் கட்டிவிட்டாள். அம்மை என்றால் ஒருத்தரோடு போகும்; ரத்தத்தில் வராது. அந்தக் கதையைத்தான் ரத்தினவேலும் நம்பினார். கட்டின புருஷனிடம்கூட அமராவதி வாய் திறந்ததில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தப் பொய்யை மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

செவந்திக்கு அமைந்திருந்த மாப்பிள்ளை நாகராசு, மீமிசலில் பள்ளிக்கூட வாத்தியார். வீடு மணமேல்குடி. தகப்பன் இல்லை. பெரியப்பா தங்கமுத்து வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். பெண் பார்க்க வந்த அன்று, பணியாரத்தில் கை வைக்கும் முன்னால் அவர் கேட்டார். ரத்தினவேலைக் கேட்கவில்லை, அமராவதியைக் கேட்டார்.

"ஒங்க அப்பாவுக்குக் கண்ணு இல்லைன்னு கேள்விப்பட்டோம். எப்படிப் போச்சு?"

"அம்மை வார்த்ததுங்க."

"சாமி படத்தைப் பார்த்துச் சொல்லும்மா. தப்பா நெனைக்காதே. முன்னாடி ஒரு எடம் முடிச்சோம். பொண்ணோட தாய்மாமனுக்கு மாலைக்கண்ணுன்னு பொறகு தெரிஞ்சுச்சு. தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு எழுந்து வந்துட்டேன். நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

அமராவதி முருகன் படத்தைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் இருந்த படம். வேலின் நுனி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. "அம்மைதானுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் தாய் உண்ணாமலை தூணோரம் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் வெற்றிலைக்குள் குனிந்துகொண்டாள்.

வைகாசி பத்தாம் தேதி பரிசம் என்று நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து அமராவதிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், பாசி கூட்டுதல்.

இவர்கள் வகையறாவில் அப்படி ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் மஞ்சள் தடவிய நூல் ஒன்று கொண்டு வருவார்கள். சபை நடுவே இரண்டு தாய்மாரும் எதிரெதிரே உட்கார்ந்து, நூலின் ஆளுக்கொரு முனையில் ஊசியைக் கோர்த்து, ஆளுக்கு இருபத்தொரு கருகமணி கோர்த்துக்கொண்டே வந்து நடுவில் சேர வேண்டும். கல்யாணத்தன்று தாலி தொங்குவது அந்த நடுவில்தான். பட்டப்பகலில், முற்றத்தில், உறவு முழுக்கச் சுற்றி நின்று பார்க்கும். அமராவதி நூலை வைத்துக்கொண்டு ஊசிக் காதைத் தேடுவதைப் பார்த்தால் தங்கமுத்துவுக்கு வேறு சாட்சி எதற்கு? ‘அப்பனுக்குப் போச்சு, மகளுக்குப் போகுது, பேத்திக்கு எப்ப?’ என்று சபையில் கேட்பார். செவந்திக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பரிசத்தன்று நின்றுபோன பெண்ணை அப்புறம் எவன் கேட்டு வருவான்?

இன்னும் பன்னிரண்டு நாள்.

செவந்திக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, திருவரங்குளத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனாள். அங்கே ஒரு தர்ம வைத்தியசாலை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கட்டியும் சிரங்குமாக அழுத பிள்ளைகளுக்கு நடுவே நின்றாள். டாக்டர் வெளியூர் போயிருந்தார். கம்பவுண்டர்தான் பார்த்தார்.

"ஒனக்கு என்னம்மா?"

"கண்ணுங்க."

"வலிக்குதா? நீர் வடியுதா?"

"இல்லீங்க. கிட்டக்க இருக்கிறதுதான் தெரிய மாட்டேங்குது."

கம்பவுண்டர் மேஜையிலிருந்த மருந்துப் புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "சீட்டுல என்ன போட்டிருக்குன்னு பாரு." அமராவதி வழக்கம் போலக் கையை நீட்டி, முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. நீட்டிய கையைத்தான் பார்த்தார்.

"வயசு நாப்பதைத் தாண்டிருச்சா?"

"நாப்பத்து மூணுங்க."

"அதானே. சாளேசுரந்தான். போம்மா, போ. அடுத்த ஆளு!"

நாற்பதுக்கு மேல் யாருக்கும் வரும் வெள்ளெழுத்துக்குச் சாளேசுரம் என்று இன்னொரு பெயர் உண்டு. ஒரு மூக்குக் கண்ணாடியில் தீர்ந்துவிடுகிற சமாசாரம். கம்பவுண்டர் அதைத்தான் சொன்னார். அமராவதியோ அந்தச் சொல்லைப் பிறந்தது முதல் கேட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது ராமேசுரம். அப்படி முடிகிற பேர் எதுவானாலும் அது சிவன் இருக்கும் ஊர். ‘சாளேசுரந்தான், போம்மா’ என்றால் என்ன அர்த்தம்? மருந்தால் ஆகாது, இனி சாமிதான் என்று கைவிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கும் வைத்தியர் இப்படித்தான் கைவிரித்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கமாப் போகணுமுங்க?" என்று கேட்டாள்.

"இங்கிட்டுத்தான். நேராப் போ." கம்பவுண்டர் காட்டியது வெளியே போகிற வாசல். வாசல் கிழக்கே பார்த்து இருந்தது.

கிழக்கே என்றால் கடற்கரைப் பக்கம்.

மறுநாள் காலையில், அறந்தாங்கியில் இருக்கும் சித்தி மகளுக்குப் பரிசம் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினாள். அறந்தாங்கியில் இறங்காமலே கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சாளேசுரத்துக்கு ஒரு டிக்கெட்டு."

"சாளேசுரமா? இந்த ரூட்டுல அப்படி ஒரு ஸ்டேஜே இல்லையே ஆத்தா."

முன் சீட்டில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத முகம். "ஏன் இல்லை? கடலை ஒட்டி இருக்கு. நான் சின்னப்பிள்ளையில போயிருக்கேன். மீமிசல்ல எறங்கி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"தீர்த்தம் இருக்குங்களா?" என்று கேட்டாள் அமராவதி ஆவலாக.

"தீர்த்தம் இல்லாமலா? பெரிய தீர்த்தம்!"

அவளுக்கு உயிர் வந்தது. மீமிசல் என்பது உறைத்ததும் அதில் பாதி போனது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊர். ஆனாலும் என்ன செய்ய? சாமி அங்கே இருந்தால் அங்கேதான் போக வேண்டும்.

மீமிசலில் இறங்கியபோது உச்சி வெயில். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டாள்; உதட்டைப் பிதுக்கினார்கள். உப்பு ஏற்றி வந்த வண்டிக்காரனிடம் கேட்டாள். அவன் தெற்கே கை காட்டினான். தெற்கே அரை மைல் நடந்து திரும்பி வந்தாள். கடைசியில் ஒரு டீக்கடை. மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு பத்திரிகை படித்தவர் படித்த ஆளாகத் தெரிந்தார்.

"ஐயா, சாளேசுரத்துக்கு வழி எதுங்க?"

அவர் பத்திரிகையை இறக்கினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பை குலுங்கியது.

"ஏம்மா, அதுக்கா பஸ்ஸு ஏறி இம்புட்டுத் தூரம் வந்தே? வீட்டுல சும்மா உக்காந்திருந்தாலே அது தானா வந்து சேருமே!"

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றுகிறவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

கேலி செய்கிறார்கள். கண் போகப் போகிறவளை நடு ரோட்டில் நிறுத்திக் கேலி செய்கிறார்கள். அமராவதிக்கு முகம் தீயாய் எரிந்தது. திரும்பி நடந்தவள், சாலைக் கோடியில் ஒரு சைக்கிள் வருவதைப் பார்த்தாள். மூன்று பர்லாங்கு இருக்கும். வெள்ளைச் சட்டை. ஒரு தோள் சாய்ந்து மிதிக்கிற மிதி. பெண் பார்க்க வந்த அன்று வாசலில் நுழைந்த அதே சாய்ந்த தோள்.

நாகராசு!

ஓடினாள். நாற்பத்து மூன்று வயதில், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்குப் பின்னால் போய்க் குந்தினாள். தாரும் மீனும் நாறிய அந்த நிழலிலிருந்து பார்த்தாள். சைக்கிள் டீக்கடையில் நின்றது. கண்ணாடிக்காரர் ஏதோ சொன்னார். நாகராசு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கரைப் பக்கம் திரும்பி வள்ளத்தை உற்றுப் பார்த்தான்.

பார்த்துவிட்டானா, இல்லையா?

சைக்கிள் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. எதிரே கடல். தொலைவில் பாய் விரித்துப் போனவை ஏழு. ஏழாவதில் ஒட்டுப் போட்டிருந்தது, அதுகூடத் தெரிந்தது. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. கை மட்டும் இருந்தது.

அலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாளேசுரத்து ஆண்டவனே, நீ எங்கிட்டு இருக்கேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான். இங்கிட்டு எங்கயாச்சும் இருந்தா கேட்டுக்க. எனக்குக் கண்ணு வேண்டாம். பத்து நாளைக்கு மட்டும் கொடு. எம் பங்குப் பாசி இருபத்தொண்ணு. அதைக் கோத்து முடிக்கிற வரைக்கும் கொடு. மறுநாளே ரெண்டையும் எடுத்துக்க. கயிறு நானே கட்டிக்கிறேன்."

கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

ஊர் திரும்பியதும், சந்தையில் ஒரு பொட்டலம் கருகமணி வாங்கினாள். ரத்தினவேல் வயலுக்குப் போனதும் நெல் போடும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். சாமி வழி காட்டாவிட்டால் என்ன? அப்பா காட்டியிருந்தார். கண் போன பிறகும் அவர் புளிக்குக் கொட்டை எடுப்பார், வேர்க்கடலை உரிப்பார், ஒன்று சிந்தாது.

கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையில் ஊசியை நட்டாற்போல் பிடித்தாள். வலது கையில் மணியை எடுத்து விரல் நுனியில் உருட்டினாள். நகத்தில் பள்ளம் தட்டியதும் ஊசி மேல் இறக்கினாள். ஊசி விரலில் இறங்கியது.

முதல் நாள் பொழுது முழுக்க ஏறியது மூன்றே பாசி. மூன்றாம் நாள் ஒன்பது. விரல் நுனியெல்லாம் பொத்தல்.

"என்ன ஆத்தா இது கையெல்லாம்?" என்று பதறினாள் செவந்தி.

"கருவமுள்ளு. வேலி கட்டுனேன்."

"வேலியை அப்பாதானே கட்டுனாரு?"

"அவரு கட்டுன லட்சணத்தை நான் அவுத்துக் கட்டுனேன். போ, போய் வேலையைப் பாரு."

எட்டாம் நாள் இருபத்தொரு மணியும் ஒன்றுகூடச் சிந்தாமல் ஏறின. ஆனால் ஊசிக் காதில் நூல்? அது மட்டும் விரலுக்குப் பிடிபடவில்லை. எச்சில் தொட்டாள், மெழுகு தேய்த்தாள், நாக்கு நுனியில் காதை வைத்துத் துழாவிப் பார்த்தாள். நூறு தடவைக்கு ஒரு தடவை நுழைந்தது. சபை நூறு தடவை காத்திருக்குமா?

வைகாசி பத்தும் வந்தது.

முற்றத்தில் ஜமக்காளம். மணமேல்குடியிலிருந்து இரண்டு வண்டி ஆட்கள். தங்கமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாண முகூர்த்தம் எழுதிய தாளைப் பிரித்தார். கையை நீட்டினார். தாளை அப்படிச் சாய்த்தார், இப்படிச் சாய்த்தார். "எவன்டா எழுதினது, எறும்பு ஊர்ந்த மாதிரி? இந்தா நாகராசு, நீ படி" என்று தள்ளிவிட்டார்.

நாகராசு படித்தான். படிக்கும்போது ஒரு தடவை அமராவதியைப் பார்த்தான்.

"சரி, பாசி கூட்டுங்க" என்றார் தங்கமுத்து.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவே ஒரு வெண்கலத் தட்டில் கருகமணி. உண்ணாமலை மடியிலிருந்து மஞ்சள் நூல் சுற்றை எடுத்தாள். ஒரு முனையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மறு முனையை அமராவதியின் கையில் வைத்து மூடினாள்.

விரலில் ஏதோ குத்தியது.

தடவிப் பார்த்தாள். ஊசி. நூல் ஏற்கெனவே கோர்த்திருந்தது.

சந்தோஷம் வரவில்லை, திகில்தான் வந்தது. தெரிந்துபோயிற்று. நாகராசு பார்த்துவிட்டான், தாயிடம் சொல்லிவிட்டான். இல்லாவிட்டால் பெண் வீட்டுக்காரி கோர்க்க வேண்டிய ஊசியை மாப்பிள்ளை வீட்டுக்காரி ஏன் கோர்த்துக்கொண்டு வருகிறாள்? வைத்து அறுக்கிறார்கள். எல்லோரும் பார்க்கக் கோர்க்க விட்டு, நடுவில் எழுந்து நின்று கேட்கப்போகிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். நாலடி தூரத்தில் உண்ணாமலையின் முகம் அச்சாகத் தெரிந்தது. உதட்டோரம் காய்ந்த சுண்ணாம்புகூடத் தெரிந்தது. மனசில் இருப்பதுதான் தெரியவில்லை.

அமராவதி இமையைத் தாழ்த்திக்கொண்டாள். குனிந்து பார்க்கிறவள் போல இருந்தாள்; ஒன்றையும் பார்க்கவில்லை. உருட்டினாள். நகத்தில் பள்ளம் தட்டியது. இறக்கினாள். ஒன்று. இரண்டு. ஐந்து. ஏழு.

எதிர்ப் பக்கம் நூல் அசையவே இல்லையே என்று இமையைத் தூக்கினாள்.

உண்ணாமலை கையை எட்ட நீட்டியிருந்தாள். நாடி பின்னுக்குப் போயிருந்தது. ஊசி முனை மணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அலைந்தது. நெற்றியில் வியர்வை. அவள் நூலில் ஏறியிருந்தது இரண்டே மணி.

"என்ன உண்ணாமலை, பாசி கோக்குறியா, கொக்கு சுடுறியா?" என்றார் தங்கமுத்து. சபை சிரித்தது.

உண்ணாமலை நூலைச் சரி செய்கிறவள் மாதிரி முன்னால் சாய்ந்தாள். உதடு அசையாமல் பேசினாள்.

"சாளேசுரத்துக்கு வழி கேட்டது நீதானே?"

அமராவதியின் விரலில் உருண்ட மணி நின்றது.

"கையை நிறுத்தாதே. கோத்துக்கிட்டே பேசு. யாரோ ஒரு பொம்பளை டீக்கடையில கேட்டுச்சுன்னு மகன் வந்து சொன்னான். வள்ளத்துக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்சுச்சாம். சாயல் யாருதுன்னு அவன் சொல்லலை, நானும் கேக்கலை. அவன்கிட்டயே குடுத்து ரெண்டு பக்கமும் ஊசி கோத்து வாங்கிக்கிட்டேன்."

அமராவதி எட்டாவது மணியை இறக்கினாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"மதினி, அந்தக் கோயிலு எங்கிட்டு இருக்கு? நீங்க போயிருக்கீங்களா?"

உண்ணாமலையின் கன்னம் துடித்தது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.

"கோயிலா? அது என் கண்ணுல இருக்கு தாயி. ஒன் கண்ணுலயும் இருக்கு. நாப்பதைத் தாண்டுனா எல்லார் கண்ணுலயும் வந்து உக்காந்துக்கிறதுக்கு அப்படி ஒரு பேரு. எனக்கு வந்து நாலு வருஷமாச்சு. கண்ணாடி வாங்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். இந்த மனுசன் கண்ணுல பட்டா என் மகனுக்கும்ல குத்தம் சொல்லுவாரு?"

"இல்லை மதினி" என்றாள் அமராவதி. இத்தனை மாதப் பயம் அவள் வாயை முந்திக்கொண்டது. "எனக்கு வந்திருக்கிறது அது இல்லை. எங்க அப்பாவுக்கு வந்தது. அவருக்கும் இப்படித்தான் மொதல்ல..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

உண்ணாமலையின் ஊசி நின்றது.

"அம்மைன்னு சொன்னே."

அமராவதி தட்டையே பார்த்தாள்.

"சாமி படத்தைப் பார்த்துச் சொன்னே."

இருவருக்கும் நடுவே நூல் தொய்ந்து தட்டில் படிந்தது. கதவுக்குப் பின்னால் செவந்தியின் வளையல் சத்தம் கேட்டது. தங்கமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். செருப்பு சரசரக்க வந்து நின்றார். அவர் நிழல் தட்டின் மேல் விழுந்தது.

"ஏன் நின்னுபோச்சு?"

இந்தக் கேள்விக்கு உண்ணாமலை ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண்ணைப் பெற்றவள் நூலைக் கீழே வைக்க வேண்டியதுதான். தாம்பூலத் தட்டு திரும்ப வண்டி ஏறும்.

உண்ணாமலை தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். முற்றத்து மூலைக்கு விட்டெறிந்தாள்.

"ஒரு பாசிக்குக் கண்ணு அடைச்சுக் கெடந்துச்சு மாமா. வேற எடுக்குறோம். நீங்க வெளிச்சத்தை மறைக்காம நகருங்க."

தங்கமுத்து நகர்ந்தார். செருப்புச் சத்தம் நாற்காலி வரைக்கும் போன பிறகு, உண்ணாமலை குனிந்தபடி கேட்டாள்.

"கடைசியில அவரு கண்ணு எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா. பாலை ஊத்தின மாதிரி."

"அட பாவமே! அது கண்ணுல விழுற பொறை தாயி. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான் ஆச்சு. மதுரையில அறுத்து எடுத்தாங்க. இன்னைக்கு உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. அறுத்திருந்தா ஒங்க அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும்."

பதினோரு வருஷம். நிலையிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து கொட்டிலுக்கு. அமராவதிக்கு அந்தக் கயிற்றின் மினுமினுப்பு தெரிந்தது. ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவரை எந்த ஆசுபத்திரிக்கும் கூட்டிப்போகாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அம்மை என்று சொன்னவர்கள் டாக்டரிடம் எப்படிப் போக முடியும்?

கண்ணீர் கொட்டியது. அவள் துடைக்கவில்லை, கையில் ஊசி.

"பெத்தவ அழுவுறா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தங்கமுத்துவும் இளகினார். "அழட்டும், அழட்டும். பொண்ணைத் தூக்கிக் கொடுக்கிறது லேசா?" என்றார்.

இப்போது நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. கிட்டத்தில் மணியும் தெரியவில்லை, எட்டத்தில் உண்ணாமலையின் முகமும் தெரியவில்லை. எல்லாம் ஒரே தண்ணீர். விரல் மட்டும் நிற்கவில்லை. உருட்டியது, பள்ளம் தேடியது, இறக்கியது. பதினாறு. பதினேழு.

எதிர்முனையிலிருந்து நூல் லேசாக இழுபட்டது.

"நீ முடிக்கப்போறே" என்றது உண்ணாமலையின் குரல். அதில் இப்போது பயம் இருந்தது. "எனக்கு அஞ்சுகூட ஏறலை. எல்லாரும் பார்க்குறாங்க தாயி. நீ எப்படிக் கோக்குறே?"

"பார்க்காதீங்க மதினி" என்றாள் அமராவதி. "பார்த்தா ஏறாது. விரல்ல வச்சு உருட்டுங்க. நகத்துல பள்ளம் தட்டும். தட்டுனதும் எறக்குங்க."

உண்ணாமலை தங்கமுத்து இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.